கீழ்பிரண்டனும் கீழ்பென்னாத்தூரும்

திருவண்ணாமலைக்கு வந்துபோன வெள்ளையர்களின் பெயர்களை நம் வட்டாரத்தார் ஒருவகை மயக்கத்துடன் உச்சரிப்பதுண்டு. ஹம்ஃப்ரீஸ், பிரண்டன், சாட்விக், ஆஸ்போர்ன் என்று வரிசையாகச் சொல்லும்போது, அப்பெயர்களுக்குப் பின்னால் ஏதோ நெடிய குலப்பெருமை நிற்பதாக ஒரு பாவனை வந்துவிடுகிறது. 'அவர்களுக்கெல்லாம் குடும்பப் பெயர் இருக்கிறது, நமக்குத்தான் இல்லை' என்ற பேச்சும் அதன் தொடர்ச்சியாகவே எழுகிறது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்னும் கட்டத்தின் முன் பேனாவை வைத்துக்கொண்டு திகைக்கும் ஒவ்வொரு தமிழ் இளைஞரும் இந்தப் பேச்சை ஒருமுறையேனும் மனத்துக்குள் பேசியிருப்பார். இக்குறையுணர்வு அடிப்படையற்றது என்பதே எங்கள் கருத்து. அதை நிறுவ, நம் மலையடிவாரத்தில் வாழ்ந்த ஒருவரின் பெயரையே எடுத்துக்கொள்கிறோம்: பிரண்டன்.

பால் பிரண்டன் 1931இல் ரமணரிடம் வந்து, 1934இல் லண்டனில் வெளியிட்ட நூலின் வழியே திருவண்ணாமலையை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியவர் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அவருடைய தத்துவத்தைப் பற்றியோ, ஆசிரமத்துடன் அவருக்கிருந்த உறவைப் பற்றியோ இங்கே பேசப் போவதில்லை. அவருடைய பெயரின் பிற்பாதி மட்டுமே நம் பொருள்.

பிரண்டன் என்பது முதலில் ஆள்பெயரே அன்று, ஊர்ப்பெயர். இங்கிலாந்தின் வட கோடியில் உள்ள நார்தம்பர்லாந்துப் பகுதியில் இப்பெயருடைய சிற்றூர்கள் உள்ளன. பழைய ஆங்கிலத்தில் 'பர்ன' என்றால் ஓடை, சிற்றாறு. 'டூன்' என்றால் வேலியிட்ட பண்ணை, பின்னர் குடியிருப்பு, ஊர். இரண்டும் சேர்ந்த 'பர்ன்டூன்' நாவில் புரண்டு, ரகரம் இடம் மாறி, பிரண்டன் ஆயிற்று. எழுத்து இப்படி நிலைமாறுவது நமக்குப் புதிதன்று. தசை சதையானதும், விசிறி சிவிறியானதும் இதே கதைதான். ஆக, பிரண்டன் என்ற சொல்லைத் தமிழாக்கினால் கிடைப்பது 'ஆற்றூர்'; பேச்சு வழக்கில் ஆத்தூர். பால் பிரண்டன் என்றால் ஆத்தூர் பால். சேலத்து ஆத்தூரிலிருந்தோ தாமிரபரணிக் கரை ஆத்தூரிலிருந்தோ வந்த ஒருவரை நாம் அழைப்பது போன்ற பெயர், அவ்வளவே.

இன்னொரு செய்தி எங்களைக் கூடுதலாக மகிழ்வித்தது. நியூகாசில் நகரின் வட விளிம்பில், பழைய காஸ்ஃபோர்த் பங்கில், இரண்டு பிரண்டன்கள் இருந்தன. ஒன்று கிழக்குப் பிரண்டன், மற்றது மேற்குப் பிரண்டன். ரோமப் பேரரசர் ஹேட்ரியன் எழுப்பிய நெடுஞ்சுவரின் ஓரத்தில், வட டைன் ஆற்றுக்கு அருகே இன்னொரு பிரண்டன் உண்டு. அதற்குப் 'பள்ளத்துப் பிரண்டன்', அதாவது தாழ்ந்த பிரண்டன் என்று பெயர். ஆங்கிலத்தில் கிழக்கைக் குறிக்க ஒரு சொல்லும் தாழ்வைக் குறிக்க வேறொரு சொல்லும் வேண்டியிருக்கின்றன. தமிழுக்கு ஒரே சொல் போதும்: கீழ். மேற்கே உயர்ந்து கிழக்கே சரியும் நிலத்தில் வாழ்ந்தவர்களின் மொழி ஆகையால், மேல் என்பது மேற்காகவும் கீழ் என்பது கிழக்காகவும் நமக்கு ஒன்றிவிட்டன. அந்த இரண்டு ஆங்கிலேயச் சிற்றூர்களையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'கீழ்பிரண்டன்' ஆகிவிடும். திருவண்ணாமலைக்குக் கிழக்கே, செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் சாலையில் இருக்கும் எங்கள் கீழ்பென்னாத்தூருக்கு அவை பெயர் முறையால் உறவினர்கள். நார்ட்டன் என்றால் வடவூர், சட்டன் என்றால் தென்னூர், நியூட்டன் என்றால் புத்தூர் என்று தொடர்ந்தால், புவியீர்ப்பை ஆராய்ந்த மேதையும் ஒரு புத்தூர்க்காரரே என்பது விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எங்கள் ஊர்ப் பெயரின் வாலிலும் 'ஆத்தூர்' என்று ஒலிக்கிறது என்பதை வைத்து, பென்னாத்தூரும் பிரண்டனும் ஒரே பொருளுடையவை என்று கை தட்டிவிட ஆசை எழும். அந்த ஆசையை அடக்கிக்கொள்வதே அறிவுடைமை. ஆங்கிலேயர் தம் ஊர்ப்பெயர்களை ஆராயும்போது இன்றைய ஒலியை நம்புவதில்லை. பதிமூன்றாம் நூற்றாண்டு நிலக் கணக்கில் எப்படி எழுதப்பட்டது, அதற்கு முந்தைய சாசனத்தில் எப்படி எழுதப்பட்டது என்று படிப்படியாகப் பின்னோக்கிச் சென்ற பிறகே பொருள் சொல்கிறார்கள். நம் பக்கத்திலோ, பெயர்ப் பலகை ஒன்றில் 'பென்னாத்தூர்' என்றும், மற்றொன்றில் 'பெண்ணாத்தூர்' என்றும் எழுதிவிட்டு, அந்த ஓர் எழுத்து வேறுபாட்டின் மீது பெண்ணையாற்றையும் பொன்னையும் பெண் தெய்வத்தையும் ஏற்றி மூன்று தலபுராணம் எழுதிவிடுகிறோம். கல்வெட்டுகளிலும் பழைய பத்திரங்களிலும் உள்ள வடிவங்களை வரிசைப்படுத்தாமல் ஊர்ப்பெயருக்குப் பொருள் சொல்வது விளையாட்டே தவிர ஆய்வன்று. பிரண்டனின் கதையிலிருந்து நாம் கற்க வேண்டிய முதல் பாடம் இது.

இனி, ஊர்ப்பெயர் ஆள்பெயரான விதம். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றும் வரை, அங்கே பெரும்பாலோர்க்கு ஒற்றைப் பெயர்தான். 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக் கணக்கேட்டில் அடைமொழி பெற்றவர்களைவிட அடைமொழியற்றவர்களே மிகுதி. ஆள்பெயர்கள் சிலவே புழங்கிய காலத்தில், ஒரே ஊரில் பத்து ஜான்களும் பத்து வில்லியம்களும் சேர்ந்தபோது, அவர்களைப் பிரித்தறிய நான்கு வழிகளைக் கையாண்டார்கள்: தந்தையின் பெயர், ஊரின் பெயர், தொழிலின் பெயர், பட்டப்பெயர். இவை அப்போது பரம்பரைச் சொத்தல்ல. தந்தை கொல்லன் எனப்பட்டால் மகன் தச்சன் எனப்படலாம். பதிமூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளில்தான் இந்த அடைமொழிகள் மெல்ல உறைந்து, தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் குடும்பப் பெயர்களாயின. தென் பகுதியில் விரைவாகவும், பிரண்டன்கள் இருந்த வட பகுதியில் தாமதமாகவும் இது நடந்தது. நிலவுரிமையை நிலைநாட்ட விரும்பிய உடைமையாளர்கள் ஒருபுறமும், 1377 முதல் 1381 வரை மூன்று முறை தலைவரி விதித்த அரசு மறுபுறமுமாக, எழுதப்பட்ட பெயரின் தேவை பெருகிக்கொண்டே போனது. 1538இல் ஒவ்வொரு பங்குக் கோயிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டபின் பெயர்கள் மேலும் இறுகின. குடும்பப் பெயரைக் குலப்பெருமை மட்டும் வளர்க்கவில்லை. பத்திரமும் வரிக் கணக்கும் பதிவேடும் சேர்ந்தே வளர்த்தன.

இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பிரண்டன் என்ற ஊரில் வாழ்பவனை யாரும் 'பிரண்டன்காரன்' என்று அழைக்கமாட்டார்கள். அங்கே எல்லோருமே பிரண்டன்காரர்கள்தாம். அவன் நியூகாசிலுக்கோ எடின்பரோவுக்கோ பிழைக்கப் போனபோதுதான் அந்தப் பெயர் அவன் மீது ஒட்டியது. ஊர்ப்பெயரைத் தாங்கிய குடும்பப் பெயர் பெரும்பாலும் ஊரை விட்டுப் போனவனின் பெயர். எங்கள் ஊரிலும் அப்படியே. கீழ்பென்னாத்தூருக்குள் எவரும் 'கீழ்பென்னாத்தூரார்' அல்லர். பெங்களூரின் கட்டட வேலையிடத்திலோ, சென்னையின் விடுதி அறையிலோ, 'நம்ம கீழ்பென்னாத்தூரு' என்று ஒருவர் அடையாளப்படும்போதுதான் ஊர் அவர் பெயரோடு சேர்கிறது.

அப்படி ஊரை விட்டுப் போன பிரண்டன்கள் உலகெங்கும் பரவினார்கள். அவர்களுள் சிலர் நம் துணைக்கண்டத்தையும் தொட்டிருக்கிறார்கள். வில்லியம் பிரண்டன் (1777-1851) என்ற பொறியாளர், குதிரையைப் போல் கால்களை ஊன்றி நடக்கும் நீராவி இயந்திரம் ஒன்றை 1813இல் உருவாக்கியவர்; 1815இல் அதன் கொதிகலன் வெடித்துப் பலர் மாண்டார்கள். அவருடைய மகன் ஜான் பிரண்டன் சிந்து இரயில்வேயின் தலைமைப் பொறியாளராக வந்தார். தண்டவாளத்துக்குச் சரளை தேடியபோது, பிராமணாபாத் என்னும் பாழடைந்த பழநகரின் செங்கற்கள் அவருக்குக் கிடைத்தன. வடக்கே முல்தான்-லாகூர் பாதையை அமைத்த அவருடைய சகோதரர் வில்லியமின் பகுதியில் ஹரப்பாவின் மேடு இருந்தது. ஏறத்தாழ நூறு மைல் தொலைவுக்குப் போதுமான செங்கல் ஹரப்பாவிலிருந்து பெயர்க்கப்பட்டது என்று பின்னாளில் அலெக்சாண்டர் கன்னிங்காம் எழுதினார். ஆற்றோரத்து ஊர் என்று பொருள்படும் பெயரைத் தாங்கியவர்கள், உலகின் மிகப் பழைய ஆற்றோரத்து ஊர்களுள் ஒன்றைப் பெயர்த்தெடுத்துத் தண்டவாளத்தின் கீழ் இட்டார்கள். அந்த ஊரை அதன் மக்கள் என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்பது இன்றுவரை வாசிக்கப்படவில்லை.

மருத்துவர் லாடர் பிரண்டன், மார்வலிக்கு அமைல் நைட்ரைட் என்ற மருந்தைப் பயன்படுத்தலாம் என்று 1867இல் காட்டியவர். 1889இல் குளோரோஃபார்ம் மயக்கமருந்து பற்றிய ஆய்வுக் குழுவில் பங்கேற்க ஹைதராபாத்துக்கு வந்தார். டேவிட் பிரண்டன் என்ற சுரங்கப் பொறியாளர் 1894இல் காப்புரிமை பெற்ற கைத்திசைகாட்டியை, நிலவியல் படிக்கும் நம் மாணவர்கள் இன்றும் 'பிரண்டன் காம்பஸ்' என்றே அழைக்கிறார்கள். கிழக்குப் பிரண்டன், மேற்குப் பிரண்டன் என்று திசை பிரித்த பெயர் கடைசியில் திசைகாட்டும் கருவிக்கே பெயராகிவிட்டது.

இலக்கிய வாசகர்களுக்கு இந்த வரிசையில் மேரி பிரண்டன் (1778-1818) முக்கியமானவர். ஆர்க்னித் தீவில் மேரி பால்ஃபோராகப் பிறந்து, அலெக்சாண்டர் பிரண்டன் என்ற மதகுருவை மணந்ததால் பிரண்டன் ஆனவர். 1811இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல், ஜேன் ஆஸ்டின் தம் கடிதங்களில் குறிப்பிடும் அளவுக்குப் பேசப்பட்டது. அந்த நாவலின் பெயர் 'தன்னடக்கம்' எனப் பொருள்படும். குடும்பப் பெயர் குருதியின் தொடர்ச்சி என்று நம்புவோர் இவரை நினைத்துக்கொள்ள வேண்டும். வரலாற்றில் நிற்கும் பெயர் கணவருடையது. பிறந்த வீட்டின் பெயர் வாழ்க்கைக் குறிப்பின் முதல் வரியோடு முடிந்துவிடுகிறது. குடும்பப் பெயர் என்ற முறை நிலைபெறப் பெண்கள் கொடுத்த விலை இது. திருமணத்தன்று தந்தையின் தலைப்பெழுத்தை அழித்துக் கணவரின் தலைப்பெழுத்தை எழுதும் நம் வீட்டுப் பெண்களும் இதே விலையைத்தான் சில்லறையாகக் கொடுத்துவருகிறார்கள்.

இவ்வளவும் சொன்னபின், நம் மலையடிவாரத்துப் பிரண்டனிடம் திரும்புவோம். அவருக்கு இந்தப் பெயர் எந்தத் தந்தையிடமிருந்தும் வரவில்லை! 1898இல் லண்டனில் பிறந்த அவர் ரஃபேல் ஹர்ஸ்ட் என்று அறியப்பட்டவர். அதற்கும் முன்பு, யூதக் குடும்பத்தில் ஹெர்மன் ஹிர்ஷ் என்ற பெயருடன் பிறந்தவர் என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் கூறுகிறார்கள். ஜெர்மன் மொழியில் ஹிர்ஷ் என்றால் கலைமான். பழைய ஆங்கிலத்தில் ஹர்ஸ்ட் என்றால் மரம் அடர்ந்த குன்று. யூதப் பெயர்கள் ஆங்கிலேய மண்ணில் ஒலியொப்புமையால் உருமாறியது அக்காலத்தில் பரவலாக நடந்தது. எழுத்தாளரானபோது அவர் பிரண்டன் பால் என்றும், பின்னர் அதைத் திருப்பிப் பால் பிரண்டன் என்றும் பெயர் சூட்டிக்கொண்டார். மான், குன்றாகி, ஆற்றூராகிவிட்டது. நாம் எந்தக் குலத்தின் பெயரென்று வியந்தோமோ, அது புதுமைப்பித்தன் என்பதைப் போல, நகுலன் என்பதைப் போல, ஓர் எழுத்தாளர் தாமே தேர்ந்துகொண்ட புனைபெயர்.

மற்றவர்களையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1911இல் ரமணரைக் காண வந்த காவல் அதிகாரி ஹம்ஃப்ரீஸின் பெயர் 'ஹம்ஃப்ரியின் மகன்' என்று மட்டுமே சொல்கிறது. 1935இல் வந்து இங்கேயே தங்கிவிட்ட மேஜர் சாட்விக்கின் பெயர், பழங்கால ஆங்கிலேயன் ஒருவனின் பண்ணையைக் குறிக்கும் ஊர்ப்பெயர். 1964இல் 'மவுண்டன் பாத்' இதழைத் தொடங்கிய ஆர்தர் ஆஸ்போர்னின் பெயர், 'தெய்வக் கரடி' என்று பொருள்படும் வடபுலத்து ஆள்பெயர். ஒரு மூதாதையின் பெயர் அப்படியே குடும்பத்துக்கு நின்றுவிட்டது. தந்தை பெயர், ஊர்ப்பெயர், ஊர்ப்பெயர், முன்னோர் பெயர். நம் பெயர்களின் முன்னால் நிற்கும் தலைப்பெழுத்துகளுக்குள் அடங்கியிருப்பவையும் இவையேயல்லவா?

லா.ச.ரா. என்பதை விரித்தால் லால்குடி சப்தரிஷி ராமாமிருதம். கு.ப.ரா. என்பதை விரித்தால் கும்பகோணம் பட்டாபிராமன் ராஜகோபாலன். சி.சு.செல்லப்பா என்பதை விரித்தால் சின்னமனூர் சுப்பிரமணியம் செல்லப்பா. ஊர், தந்தை, தன் பெயர் என்ற இந்த ஒழுங்கு பிரிட்டிஷ் அலுவலகங்கள் நமக்குக் கற்பித்ததன்று. சுருக்கி எழுதும் பழக்கம் மட்டுமே அங்கிருந்து வந்தது. சங்கத் தொகைகளைத் தொகுத்தவர்கள் புலவர்களைக் குறித்த முறையைப் பாருங்கள். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்: ஊர், தந்தையின் தொழில், தன் பெயர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்: ஊர், தொழில், தன் பெயர். செம்புலப்பெயல்நீரார்: பாட்டால் வந்த பட்டப்பெயர். ஆங்கிலேயர் கையாண்ட நான்கு வழிகளும் அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம்மிடம் இருந்தன. நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. மலைபடுகடாம் பாடப்பட்டது செங்கத்து அரசன் மேல். அவன் பெயர் 'பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத்து வேள் நன்னன் சேய் நன்னன்'. நாடு, ஊர், குடி, தந்தை, தன் பெயர் அனைத்தும் அதில் உள்ளன. 'நன்னன் சேய்' என்பதை ஆங்கிலேயன் சொன்னால் 'நன்னன்சன்' என்றிருப்பான்.

அப்படியென்றால் வேறுபாடு எங்கே? அவர்கள் உறையவிட்டார்கள், நாம் ஓடவிட்டோம். ஏதோ ஒரு நூற்றாண்டில் வாழ்ந்த ஒரே ஒரு ஹம்ஃப்ரியின் பெயர், அவனை அறியாத இருபது தலைமுறையின் கழுத்தில் தொங்குகிறது. நம்மிடமோ ஒவ்வொரு தலைமுறையும் தன் தந்தையின் பெயரை மட்டும் சுமந்து, அடுத்த தலைமுறைக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டு விலகுகிறது. இம்முறை காலாவதியானது என்று சொல்வோர் ஐஸ்லாந்தைப் பார்க்கட்டும். இன்றும் அங்கே பெரும்பாலோர் தந்தை அல்லது தாயின் பெயரோடு மகன், மகள் என்று சேர்த்தே எழுதுகிறார்கள். நவீன அரசு அங்கே நன்றாகவே நடக்கிறது. மலேசியத் தமிழர்கள் தம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையே 'அ/லெ', 'அ/பெ' என்று இட்டு அதே முறையைக் காத்துவருகிறார்கள். மறுபக்கம், குடும்பப் பெயர் இல்லாத மக்களுக்கு அரசாணையால் அது புகட்டப்பட்ட கதைகளும் உண்டு. 1849இல் பிலிப்பைன்ஸின் ஸ்பானிய ஆளுநர் கிளாவேரியா ஒரு பெயர்ப் பட்டியலை அச்சிட்டு ஊர்களுக்குப் பங்கிட்டார். 1934இல் துருக்கி, குடிமக்கள் யாவரும் குடும்பப் பெயர் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் இயற்றியது. இயற்கையாக முளைத்ததாக நாம் எண்ணும் பலவற்றுக்கு அடியில் ஓர் எழுத்தரின் மைக்கூடு இருக்கிறது.

தமிழகத்துக்கு இதில் தனித்த வரலாறு ஒன்றும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் போன்ற ஒன்று இருக்கத்தான் செய்தது: பெயருக்குப் பின்னால் ஒட்டிய சாதிப் பட்டம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயரின் பின்னால் சாதிப் பட்டம் இடுவதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தது. தொடர்ந்த பத்தாண்டுகளில் அது அரசியல் கட்சிகளின் எல்லைகளைக் கடந்து பொதுப் பண்பாகவே படிந்தது. சாதி ஒழியவில்லை என்பது உண்மை. ஆனால், முதல் அறிமுகத்திலேயே ஒருவர் மற்றவரின் சாதியைக் கேளாமல் அறிந்துகொள்ளும் வசதி போயிற்று. அது சிறிய வெற்றியன்று. இந்தியாவின் பல மாநிலங்களில் ஒரு மாணவர் வகுப்பறையில் தன் முழுப்பெயரைச் சொன்ன கணமே எடைபோடப்படுகிறார். தமிழ் மாணவருக்கு அந்தக் கணம் சற்றே தள்ளிப்போகிறது. அந்த வெற்றிடம் ஒரு தலைமுறை உழைத்துப் பெற்றது.

இதை இப்போது வலியுறுத்தக் காரணம் உண்டு. வெளிநாட்டுப் பயணமும் கணினிப் படிவங்களும் அந்த வெற்றிடத்தை நிரப்பச் சொல்கின்றன. நம் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட முடியும். ஆனால், ஒற்றைப் பெயருடையவருக்கு அமெரிக்க விசாவில் அப்பெயரையே குடும்பப் பெயராக்கி, முன்பெயர் இடத்தில் 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்பதன் சுருக்கத்தை அச்சிடுகிறார்கள். தாயும் தந்தையும் தேர்ந்து சூட்டிய பெயர் கண்முன்னே இருக்க, 'அறியப்படவில்லை' என்று எழுதுவது எத்தகைய அறிவு? 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோர் சுற்றுலா விசாவில் நுழைய முடியாது என்று அறிவித்தது. தந்தை பெயர் கடவுச்சீட்டின் பின்பக்கத்தில் இருந்தால் போதும் என்று பின்னர்த் தளர்த்தப்பட்டது. இந்த இடர்களைக் கேள்விப்படும் பெற்றோர், குழந்தை பிறந்தவுடனேயே ஏதேனும் ஒரு பின்னொட்டைத் தேடுகிறார்கள். அந்தத் தேடலின் போது, 'தாத்தா காலத்தில் நமக்கு ஒரு பட்டம் இருந்ததே' என்று வீட்டில் யாராவது ஒருவர் நினைவூட்டுவார். 1929இல் வாசல் வழியே அனுப்பப்பட்டது, படிவத்தின் கட்டம் வழியே உள்ளே வந்துவிடும். எங்கள் அச்சம் இதுதான்.

சாதிப் பட்டத்துக்கு மாற்றாக ஊர்ப்பெயரை இடலாமே என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். பிரண்டன் என்பது ஊர்ப்பெயராக இருக்கும்போது கீழ்பென்னாத்தூர் ஏன் குடும்பப் பெயராகக் கூடாது என்பது அவர்கள் வாதம். இதில் அழகு உண்டு; எங்களுக்கும் ஈர்ப்பு உண்டு. ஆனால், நம் ஊர்ப்பெயர் எல்லோர்க்கும் ஒரேபோல் உரியதாக இருந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஊர் என்றும் சேரி என்றும் பிரித்து, ஊர் என்ற சொல்லையே ஒரு பாதிக்கு மட்டும் வைத்துக்கொண்ட சமூகம் நம்முடையது. காலனி என்று தனியே சுட்டப்பட்ட தெருவில் பிறந்தவர், அந்த ஊரின் பெயரைப் பெருமிதத்தோடு சுமக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. அவர் விரும்பி எடுத்துக்கொண்டால் அது உரிமை கோரல், மகிழ்ச்சி. பிறர் அவருக்கு விதித்தால் அது வேறு. ஆகவே ஊர்ப்பெயர் விருப்பமாக இருக்கட்டும், விதியாக வேண்டாம்.

தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இடுவதே இப்போது பெருவழக்கு. அதனால் அயல்நாட்டு அலுவலகத்தில் மகனை எல்லோரும் தந்தையின் பெயரால் அழைக்கும் வேடிக்கை நேர்கிறது. அதைச் சிரித்துக் கடந்துவிடலாம். அங்கே பிறக்கும் பேரனுக்கும் அதே பெயர் குடும்பப் பெயராக இறங்கும்போதுதான் மாற்றம் நிலைக்கிறது. கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை விளைவித்த ஒரு கோவிந்தசாமியின் பெயர், அவரை அறியாத கொள்ளுப்பேரனின் பெயர்ப்பலகையில் நிற்கும். நம் கண்முன்னே இன்னொரு 'ஹம்ஃப்ரீஸ்' உருவாகிறார். அது கேடு என்று நாங்கள் சொல்லவில்லை; தெரிந்து செய்யுங்கள் என்றுதான் சொல்கிறோம். தெரிந்து செய்வோர் தாயின் பெயரையும் எண்ணிப்பார்க்கட்டும். தாயும் இயற்கையான பாதுகாவலரே என்று உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் நாவலாசிரியர் கீதா ஹரிஹரன். 2016 இறுதியில் கடவுச்சீட்டு விதிகள் தளர்ந்து, பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்றாயின. சட்டம் இடம் கொடுத்த பின்னும் நம் தலைப்பெழுத்துகளில் தாயார் பெரும்பாலும் இல்லை. இந்தக் குறைக்கு எந்த ஆங்கிலேயனையும் குற்றம் சொல்ல முடியாது.

எங்கள் நிலைப்பாட்டைத் தொகுத்துச் சொல்லிவிடுகிறோம். படிவங்களில் முன்பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டங்களுக்குப் பதிலாக 'முழுப்பெயர்' என்ற ஒரே கட்டம் இருக்க வேண்டும். இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியமன்று. கேட்பார் இல்லாததால் நடக்காத காரியம். அதுவரை, கட்டத்தை நிரப்பித்தான் ஆகவேண்டும் என்றால் தந்தை, தாய், ஊர் எதையும் இடலாம். சாதிப் பட்டம் ஒன்றை மட்டும் அங்கே இடவேண்டாம். இலக்கியத்தில் இயங்குவோர் தம் தலைப்பெழுத்துகளை ஓரிடத்திலேனும் விரித்து எழுதி வைக்க வேண்டும். இரண்டு எழுத்துகளுக்குள் ஓர் ஊரும் ஒரு மனிதரும் இருக்கிறார்கள். நூறாண்டு கழித்து அதை விரித்துச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

முடிப்பதற்கு முன் நம் மலையின் கதையிலிருந்தே ஒன்று. 1896இல் மதுரையில் வீட்டை விட்டுக் கிளம்பிய பதினாறு வயதுச் சிறுவன் எழுதிவைத்த சிறு குறிப்பில், கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டுமே இருந்தது. அண்ணாமலைக்கு வந்தபின், குருமூர்த்தத்தில் அவர் மௌனமாக இருந்த நாட்களில், தாலுகா அலுவலகத்தில் கணக்கராக இருந்த அன்பர் ஒருவர், பெயரும் ஊரும் தெரியாமல் நகரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். அப்போது அந்த இளைஞர் எழுதிக் காட்டியவை இரண்டே சொற்கள்: வேங்கடராமன், திருச்சுழி. தன் பெயர் ஒன்று, ஊர்ப்பெயர் ஒன்று. பட்டம் எதுவும் அதில் இல்லை. துறவின் உச்சத்திலும் ஓர் அலுவலகக் கணக்கருக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றைய கணக்கர்களுக்கும் கணினிகளுக்கும் அது ஏன் போதாது என்பதை நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.